கதிர்க்கோலும் எச்எஸ்பி72 புரதமும்: ஒரு சோதனையைக் கடந்த அனுபவம்

செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பங்கிடும் இழையமைப்பான கதிர்க்கோல் உருவாவதில், சூடு போன்ற அழுத்தங்களில் செல் பெருக்கிக்கொள்ளும் எச்எஸ்பி72 என்னும் வெப்ப அதிர்ச்சிப் புரதத்தின் பங்கு என்ன என்பதே என் ஆய்வுப் பொருள். நெக்6 கைனேஸ் என்னும் நொதி அப்புரதத்தின் 66ஆவது இடத்திலுள்ள திரியோனின் என்னும் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்ற, அது கதிர்க்கோலை அடைந்து, குரோமோசோம்களைப் பற்றியிழுக்கும் கைனட்டோகோர் இழைகளை உறுதிப்படுத்துகிறது என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருந்தது. சூடுபடாத செல்லிலும் இப்புரதத்துக்கு வேலை இருக்கிறது என்பதுதான் என்னை ஈர்த்தது. மற்றொரு வெப்ப அதிர்ச்சிப் புரதமான எச்எஸ்பி90ஐ நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதைத் தடுத்தால் அதை நம்பியிருக்கும் பல கைனேஸ்களும் சேர்ந்து சிதைவதால், எந்த விளைவு எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஆய்வகங்களில் வளர்க்கப்படும் மனிதப் புற்றுச் செல்களான ஹீலா செல்களை, டிஎன்ஏ நகலெடுப்பைத் தடுக்கும் தைமிடினில் இருமுறை நிறுத்தி விடுவித்தால், ஏறக்குறைய 9 அல்லது 10 மணி நேரத்தில் பெரும்பாலானவை மைட்டாசிஸ் என்னும் பிரிவுக் கட்டத்தை எட்டும். அவற்றை, குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும் மெட்டாஃபேஸிலேயே பிடித்து நிறுத்த எம்ஜி132 என்னும் மருந்தைச் சேர்ப்பது பரவலான வழக்கம். ஆனால் அம்மருந்து, வேண்டாத புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமைத் தடுப்பதால் கழிவுப் புரதங்கள் தேங்கி, வெப்ப அதிர்ச்சி எதிர்வினையே தூண்டப்படுகிறது. எந்தப் புரதத்தின் குறைவை அளக்க வந்தோமோ அதையே பெருக்கிவிடும் மருந்து இது. ஆகவே அதை விலக்கிவிட்டு, தானாக மெட்டாஃபேஸை எட்டிய செல்களை மட்டும் தேடித்தேடி எண்ணினேன். வேலை இழுத்தடித்தது, ஆனால் வேறு வழி இருந்ததாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை. இன்குபேட்டருக்கு வெளியே தட்டுகள் நிற்கும் நேரத்தையும், மாற்றும் ஊடகத்தின் வெப்பநிலையையும் எல்லாத் தட்டுகளுக்கும் ஒன்றாகவே வைத்திருந்தேன்.

இழைகளின் உறுதியைக் காட்டியது பனிக்கட்டிச் சோதனை. செல்களைச் சுமார் 10 நிமிடம் பனிக்கட்டியின்மேல் வைத்தால் கதிர்க்கோலை ஆக்கும் மற்ற நுண்குழல்கள் கரைந்துபோகும். கைனட்டோகோர் இழைகள் மட்டும் தாக்குப்பிடிக்கும். உடனே மைனஸ் 20 டிகிரி மெத்தனாலில் நிலைநிறுத்தி, நுண்குழல்களின் புரதமான டியூபுலினுக்கு ஆன்டிபாடியும் டிஎன்ஏவுக்கு டாபி என்னும் ஒளிர்சாயமும் இட்டுப் பார்த்தபோது, மருந்திடாத செல்களில் இரு துருவங்களிலிருந்தும் தடித்த கற்றைகள் நடுத்தளம் நோக்கி ஓடின. எச்எஸ்பி72 அடங்கிய எச்எஸ்பி70 குடும்பத்தைத் தடுக்கும் விஇஆர்-155008 என்னும் மருந்து இட்ட செல்களிலோ அவை மெலிந்து, இடையிடையே அறுந்து தெரிந்தன. ஓரிரு குரோமோசோம்கள் வரிசையில் சேராமல் துருவத்தின் அருகிலேயே ஒதுங்கிக் கிடந்தன. எது எந்தத் தட்டு என்று தெரியாதபடி சக ஆய்வாளர் ஒருவர் பெயர்களை மறைத்துக் கொடுத்த பிறகே எண்ணிக்கையைத் தொடங்கினேன்.

இம்மருந்து அக்குடும்பத்தின் பிற உறுப்பினர்களையும் தடுக்கும் என்பதால், இதை மட்டும் வைத்து எச்எஸ்பி72தான் காரணம் என்று எழுத முடியாது. எனவே சிறு குறுக்கீட்டு ஆர்என்ஏ கொண்டு அந்த ஒரு புரதத்தை மட்டும் குறைத்தேன். ஆர்என்ஏவைச் செலுத்துவதே செல்லுக்கு ஓர் அழுத்தம் ஆகையால், எந்த மரபணுவையும் குறிவைக்காத ஆர்என்ஏ பெற்ற செல்களையே ஒப்பீடாக வைத்தேன். அவற்றோடு ஒப்பிட, எச்எஸ்பி72 குறைந்த செல்களிலும் இழைகள் மெலிந்தே இருந்தன.