தலை முழுகியும் முழுகாமல் இருந்தேன்

கல்யாணமாகி இரண்டரை வருடம். எனக்கு மாதவிடாய் மாதாமாதம் 29, 30 நாளில் தவறாமல் வந்துவிடும். ஏப்ரல் 3-ஆம் தேதி வந்தது. முதல் இரண்டு நாள் நாலைந்து பேட் மாற்ற வேண்டியிருக்கும், ஐந்தாம் நாள் நின்றுவிடும். அந்த மாதமும் அப்படித்தான். அடுத்தது மே 3 வாக்கில் வர வேண்டும். ஆனால் ஏப்ரல் 29 காலையிலேயே கறை தெரிந்தது.

பேட் வைத்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, காபித்தூளைக் கரைத்த மாதிரி பழுப்பாக இருந்தது. கட்டி எதுவும் இல்லை. அடிவயிறு லேசாக இழுத்துப் பிடித்தது, எப்போதும் வருகிற முறுக்கு வலி இல்லை. பழக்கதோஷத்தில் மாதவிடாய் வலிக்குப் போடும் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். நாலு நாள் முன்னாடியே வந்துவிட்டது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் காவேரிப்பட்டணத்தில் ஒரு மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கும் கார்டு வாங்கினேன். எப்போது பார்க்கலாம் என்று கேட்டதற்கு, "எப்ப வேணா பாருங்க" என்றார் கடைக்காரர். மத்தியானமே பார்த்தேன். ஒற்றைக் கோடு, அதாவது கர்ப்பம் இல்லை. மே 1-ஆம் தேதி கறை நின்றதும் தலைக்குக் குளித்துவிட்டேன்.

எங்கள் பக்கம் கர்ப்பமாக இருப்பவளை "முழுகாம இருக்கா" என்பார்கள். மாதம் தள்ளிப்போனால் தலைமுழுக்கு இல்லையே, அதனால் வந்த பேச்சு. நான்தான் முழுகிவிட்டேனே, பிறகென்ன? வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் வீட்டுக்காரர் சனிக்கிழமை வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தெம்பில்லை. மே 3-ஆம் தேதி எதுவும் வரவில்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை. இந்த மாதக் கணக்கு முடிந்தது என்றே இருந்தேன்.

இரண்டு வாரம் போனது. உள்ளறையில் வைக்கோல் போட்டு செந்தூரா மாங்காய் பழுக்க வைத்திருந்தோம். எனக்கு உயிரான பழம் அது. மே 15 அன்று கதவைத் திறந்ததும் அந்த வாசம் மூக்கில் ஏறி, வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். மார்பும் நாலைந்து நாளாகவே கனத்து வலித்துக்கொண்டிருந்தது. அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலைல ஒரு தடவ பாத்துரும்மா" என்றார்.

விடிந்ததும் முதல் சிறுநீரில் பார்த்தேன். குழியில் மூன்று சொட்டு விட்டு ஜன்னல் கட்டையில் வைத்தேன். ஐந்து நிமிடம் காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை, இரண்டு கோடும் பளிச்சென்று விழுந்தன.

அன்றைக்கே துணை சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்சம்மா அவரிடமிருந்த கார்டில் காசு வாங்காமல் மறுபடி பார்த்துவிட்டு, "கடைசியா எப்ப தலைக்கு ஊத்துனே?" என்று கேட்டார். கறை பட்டது ஏப்ரல் 29, குளித்தது மே 1 என்றேன். எழுதப் போனவர் பேனாவை நிறுத்தினார். "எத்தனை நாள் பட்டுது? எத்தனை பேட் மாத்துனே? என்ன நிறம்?" ஒவ்வொன்றாகச் சொன்னேன். "அது கணக்குல வராது. அதுக்கு முன்னாடி முழுசா எப்ப வந்துது?" ஏப்ரல் 3 என்றதும் அதைத்தான் அட்டையில் எழுதினார். பிரசவத் தேதி ஜனவரி 10. ஏப்ரல் 29-ஐ வைத்திருந்தால் பிப்ரவரி 5 ஆகியிருக்கும். 26 நாள் வித்தியாசம்! நாள் தாண்டிப் போவதே தெரியாமல் வலிக்காகக் காத்துக்கொண்டிருந்திருப்பேன். 12 வாரத்துக்குள் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிட வேண்டும் என்கிறார்களே, அந்தக் கெடு வரும்போது நம் கணக்கில் எட்டு வாரம்தான் ஆகியிருக்கும்.

கரு கர்ப்பப்பையில் ஒட்டுகிற சமயத்தில் சிலருக்கு இப்படி லேசாகப் படும் என்று விளக்கினார். பெரும்பாலும் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும், ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும். மாதவிடாய் என்றால் முதல் ஒன்றிரண்டு நாளில் பெருகும், சிவப்பாகும், பேட் நனையும். ஆனால் கறையைப் பார்த்து மட்டும் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, டெஸ்ட்தான் சொல்லும் என்றும் சேர்த்தே சொன்னார். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

முதல் கார்டு பொய் சொல்லவில்லை, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். கார்டு கண்டுபிடிப்பது எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை. கரு ஒட்டிய பிறகுதான் அது சுரக்கத் தொடங்கும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒட்டின மறுநாளே பார்த்தால் என்ன தெரியும்? வழக்கமான தேதி தள்ளிப்போன பிறகு, காலை முதல் சிறுநீரில் பார்க்க வேண்டும். ஒற்றைக் கோடு வந்தும் மாதவிடாய் வரவில்லையென்றால் ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை. மாதம் ஒழுங்கில்லாமல் வருகிறவர்கள் உறவு கொண்ட நாளிலிருந்து மூன்று வாரம் கழித்துப் பார்க்கலாம். கார்டில் சொன்ன நேரம் தாண்டி மணிக்கணக்கில் கழித்துத் தெரிகிற மங்கல் கோட்டை நம்பக் கூடாது.

மாத்திரை போட்டதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா, "ஒரு மாத்திரைக்குப் பயப்படாதே, இனி கேக்காம எதுவும் போடாதே" என்று சொல்லி ஃபோலிக் ஆசிட் எழுதிக் கொடுத்தார்.

இன்னொன்றையும் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். கர்ப்பம் உறுதியான பிறகு எவ்வளவு கொஞ்சமாகப் பட்டாலும் வந்து காட்ட வேண்டும். அடிவயிறு ஒரு பக்கமாகக் குத்தி வலித்தாலோ, தோள்பட்டை நுனி வலித்தாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ, ரத்தம் பெருகினாலோ விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். கருக்குழாயில் கரு தங்கியிருந்தால் அது உயிருக்கே ஆபத்து. அதற்கும் முதல் அறிகுறி இதே மாதிரி லேசான கறையாக இருக்கலாமாம். அதைக் கேட்ட பிறகுதான், இரண்டு வாரம் நான் எவ்வளவு அசட்டையாக இருந்துவிட்டேன் என்று உடம்பு நடுங்கியது.

மே 31-ஆம் தேதி ஸ்கேன். 8 வாரம் 1 நாள், இதயத்துடிப்பு இருக்கிறது என்றார்கள். நர்சம்மா எழுதின தேதியோடு ஒரு நாள்தான் வித்தியாசம். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அத்தை செந்தூராவை வைக்கோலோடு அள்ளிப் பின்கொட்டகைக்கு மாற்றி, உள்ளறையைக் கழுவிவிட்டிருந்தார்.