மின்னல் முரளி: நினைத்ததுக்கு மேலே

நம்ம பக்கத்துச் சூப்பர்ஹீரோ என்றால் உடுப்பு மாட்டிய கோமாளிதான் என்ற நினைப்பை இயக்குநர் பசில் ஜோசப் உடைத்துவிட்டார். 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த மலையாளப் படம். தையல்காரன் ஜெய்சன், தேநீர்க்கடையில் வேலை செய்யும் ஷிபு, இருவரையும் ஒரே இரவில் மின்னல் தாக்குகிறது. தாக்கிய மின்னல் ஒன்றுதான், போகிற வழி வேறு. ஷிபுவாக வரும் குரு சோமசுந்தரம் நம்ம தமிழ் நடிகர். தான் காதலிக்கும் உஷாவிடம் பேசும் காட்சியில் அந்த முகத்தில் அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வரும், பாருங்கள். ஜெய்சனாக வரும் டொவினோ தாமஸே எனக்கு அடுத்த இடம்தான். தமிழ் ஒலி இருக்கிறது. மலையாளத்தில் பார்த்தால்தான் ருசி.

தேயிலைத் தோட்டத்துப் பக்கம் படத்தை நேரடியாக ஓட்டினால் சிக்னல் விழுந்து வட்டம்தான் சுற்றும். ஹட்டன் டவுனில் வைஃபை கிடைக்கும்போது போனில் இறக்கி வையுங்கள். தரம் ‘ஸ்டாண்டர்ட்’ போதும், இடமும் மிஞ்சும். ரொம்ப நாள் வைத்திருந்தால் காலாவதியாகிவிடும். ஒக்டோபர், நவம்பர் பின்னேரம் இடி முழங்கினால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.