சபலத்துக்கு எத்தனை பிரேம்?
திருந்திய சூதாடி மறுபடி குதிரைப் பந்தயப் பக்கம் போவது மௌனப் படங்களில் பழகிய கதை. பேச்சில்லை, சபலம் முழுக்க முகத்திலும் விரலிலும்தான். திரையில் படத்தை ஓட்டும் வேகம் தப்பினால் காட்சியே போச்சு.

35 மி.மீ. சுருளில் அடிக்கு 16 பிரேம், அதாவது 16 தனித்தனிப் படங்கள். 1000 அடிச் சுருள் நொடிக்கு 16 பிரேமில் 16 நிமிடம் 40 நொடி ஓடும். 24-இல் போட்டால் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பர்ஸைத் தொட்டுக் கையை இழுத்துக்கொள்ளும் 6 நொடித் தயக்கம் 4 நொடியாகி, கொசு கடித்த ஆள் மாதிரித் தெரிவார். அரங்கம் சிரிக்கும்!

அதற்காக எல்லாவற்றையும் 16-இல் ஓட்டாதீர்கள். கேமராவைக் கையால் சுற்றியதால் காட்சிக்குக் காட்சிகூட வேகம் மாறும். 1920-களில் 20-ஐத் தாண்டியவை நிறைய. நடப்பவரின் காலடியை வைத்துச் சரிபாருங்கள். குதிரைகளை நம்ப வேண்டாம்: பாய்ச்சல் கூடித் தெரிய, கேமராவை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடுத்ததுண்டு.