ஆத்தாவோடு லும்பினி, புத்தகயா

எங்கள் ஐயா (தாத்தா) பர்மாவில் மோல்மீனில் கடையில் இருந்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த அரக்குச் சம்படம் காரைக்குடி வீட்டில் சாமி அலமாரியில் இன்னும் இருக்கிறது. "காசிக்கு மூணு தடவை போயாச்சு அப்பு, அய்யா கும்பிட்ட புத்தர் இடத்தையும் பாத்துரணும்" என்று ஆத்தா (அம்மா) சொன்னபோது அவருக்கு 71 வயது.

முதலில் அடையாள அட்டைகளைப் பாருங்கள். புத்தர் பிறந்த லும்பினி இருப்பது நேபாளத்தில். விசா வேண்டாம், ஆனால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கையில் வேண்டும். 65 வயதைத் தாண்டியதால் ஆத்தாவுக்கு ஆதாரே போதும். எனக்கும் ஆதார் போதும் என்று பயண ஏற்பாட்டாளர் சொல்லிவிட்டார், தவறு. என் பாஸ்போர்ட்டோ காலாவதி. வாக்காளர் அட்டையைத் தேடி எடுக்க இரண்டு நாள் ஆனது.

காசியில் 1863இல் தொடங்கிய நம் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்தில் தங்கினோம். புத்தர் முதல் உபதேசம் செய்த சாரநாத் அங்கிருந்து 10 கிலோமீட்டர்தான். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் திறக்காது என்பதால் வியாழனே போய் அசோகரின் நான்முகச் சிங்கத்தைப் பார்த்தோம். தாமேக் தூபியை ஆத்தா பிள்ளையார்பட்டி மலையைச் சுற்றுவதுபோல் மூன்று முறை வலம் வந்தார். புத்தர் மறைந்த குசிநகரில் சயனக் கோலப் புத்தரைத் தரிசித்துவிட்டு எல்லைக்குக் கிளம்பினோம்.

எல்லை ஊரான சுனௌலியில் இந்திய வண்டிக்கு 'பன்சார்' என்ற சுங்கச் சீட்டு வாங்க ஒன்றரை மணி நேரம் பிடித்தது. வயதானவர்களோடு போகிறவர்கள் விடியற்காலையிலேயே போய்விடுங்கள். லும்பினித் தூணில், பட்டம் கட்டி 20 ஆண்டு ஆனபின் தாமே வந்து வணங்கியதாகவும், புத்தர் பிறந்த ஊர் என்பதால் வரியைக் குறைத்ததாகவும் அசோகர் எழுதி வைத்திருக்கிறார். அதைச் சொன்னதும், "ராசாவே யாத்திரைதான் வந்திருக்காரு" என்று ஆத்தா கைகூப்பினார்.

புத்தர் ஞானம் பெற்ற புத்தகயாவைக் கடைசியாக வைத்தோம். செல்போனைக் கோயிலுக்கு வெளியே பெட்டகத்தில் கொடுத்துவிட வேண்டும், அதுவும் நல்லதுக்குத்தான். மகாபோதிக் கோயில் சிதைந்து கிடந்தபோது, 1870களில் பர்மா மன்னர் மிண்டோன் திருப்பணிக்கு ஆள் அனுப்பினார். அன்றும் போதிமரத்தடியில் பர்மா யாத்திரிகர்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஐயா முணுமுணுத்த அதே ராகம் என்றார் ஆத்தா. ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. அப்புறம் கீழே விழுந்த அரசிலை ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

இப்போது அது ஐயாவின் சம்படத்தில் இருக்கிறது.