போர்ச்சுகல் ஜெயிச்ச யூரோவிஷன் - என் நாட்குறிப்பு

மே 10, 2017

நேத்து நடுராத்திரி தாண்டியும் முழிச்சிருந்து உக்ரைன் தலைநகர் கீவ்ல நடந்த யூரோவிஷன் முதல் செமி ஃபைனல் பாத்தேன், ஐரோப்பிய நாடுங்க வருஷா வருஷம் மோதுற பாட்டுப் போட்டி இது. சல்வடோர் சோப்ரால்னு ஜாஸ் பாடுறவர், போர்ச்சுகல்காரர், பெரிய மேடைய விட்டுட்டு கூட்டத்துக்கு நடுவுல இருக்குற குட்டி மேடையில தனியா நிக்கிறார், டான்ஸ் இல்ல நெருப்பு இல்ல, கண்ண மூடிக்கிட்டு ரெண்டு கையும் காத்துல எதையோ தேடுற மாதிரி ஆட பாடுறார். பாட்டு 'அமார் பெலுஷ் டொய்ஷ்'. உனக்கு காதல் வரலன்னா பரவால்ல, நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து நானே காதலிச்சுக்குறேன்னு ஒருத்தன் கெஞ்சுறான், அவ்ளோதான் விஷயம். பைனலுக்கு போயாச்சு!

மே 12

பாட்ட எழுதி மெட்டு போட்டது அவரோட அக்கா லூயிசா. தம்பிக்கு உடம்பு சரியில்ல, இதயத்துல பிரச்சனைங்கிறாங்க, ரொம்ப நாள் வெளியூர்ல தங்க முடியாதாம், அதனால கீவ்ல முதல் ஒத்திகையெல்லாம் அக்காவே தம்பி இடத்துல நின்னு பாடியிருக்காங்க. இத படிச்சப்புறம் பாட்டு வேற மாதிரி கேக்குது எனக்கு. மாசக்கணக்கா எல்லாரும் இத்தாலிதான் ஜெயிக்கும்னு சொல்லிட்டிருந்தாங்க, அவங்க பாட்டுல கொரில்லா வேஷம் போட்டு ஒருத்தர் ஆடுவார், ஜாலியான பாட்டுதான், ஆனா என் மனசு போர்ச்சுகல் பக்கம்தான்.

மே 14

ஜெயிச்சிட்டாங்க!!! 758 பாயிண்ட், யூரோவிஷன்ல இதுவரைக்கும் யாரும் எடுக்காதது. ஜூரிங்கிற நடுவர் குழுக்கள் குடுத்தது 382, மக்கள் ஓட்டு 376, ரெண்டுலயும் முதல் இடம், ரெண்டாவது வந்த பல்கேரியாவுக்கு 615தான். 1964ல இருந்து போட்டி போடுற நாடுங்க இது, 1996ல ஆறாவது வந்ததுதான் அதிகபட்சம், போன வருஷம் கலந்துக்கவே இல்ல. அதுவும் முழுக்க சொந்த பாஷையில பாடி ஜெயிச்சது, 2007 செர்பியாவுக்கு அப்புறம் இப்பதான் இங்கிலீஷ் கலக்காத ஒரு பாட்டு ஜெயிக்குது. கோப்பைய வாங்கிட்டு, இசைங்கிறது வாணவேடிக்கை இல்ல, உணர்வுன்னு சொன்னார். சிலருக்கு அது திமிரா பட்டிருக்கு, எனக்கு படல, அவர் பாடுன விதத்துக்கு அத சொல்ல உரிமை இருக்கு. அப்புறம் அக்காவ மேடைக்கு கூப்பிட்டு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி பாடுனாங்க பாருங்க, அங்கதான் எனக்கு அழுகை வந்துருச்சு. அதே நாள்ல போர்ச்சுகல்ல ஃபாத்திமாங்கிற புனித ஊர்ல, மாதா காட்சி குடுத்ததா நம்புற நிகழ்வோட நூறாவது ஆண்டு விழாவுக்கு போப் வந்திருந்தார், லிஸ்பன் ஃபுட்பால் கிளப் பென்ஃபிகாவும் தொடர்ந்து நாலாவது தடவ போர்ச்சுகல் லீக் ஜெயிச்சிருக்கு, லிஸ்பன்ல யாரு தூங்கியிருப்பா!

டிசம்பர் 10

சல்வடோருக்கு இதய மாற்று ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. நல்லா இருக்காராம். வேற ஒண்ணும் எழுத தோணல.

மே 13, 2018

போன வருஷம் ஜெயிச்சதால இந்த தடவ போட்டி லிஸ்பன்ல. சல்வடோர் திரும்ப வந்து, தான் ரொம்ப மதிக்கிற பிரேசில் பாடகர் கயெத்தானோ வெலோசோவோட சேந்து அதே பாட்ட பாடுனார், குரல்ல ஒரு குறையும் இல்ல. இஸ்ரேல் ஜெயிச்சுது. சொந்த ஊர்ல போர்ச்சுகல் கடைசி இடம், 39 பாயிண்ட். அவங்க பாடுன 'ஓ ஜார்டிம்' பாட்டும் அமைதியான அழகான பாட்டு, இன்னும் மேல வந்திருக்கணும், கேக்காதவங்க கேட்டுப் பாருங்க.