கோடைல சைக்கிள் ஓட்ட ஊட்டி எதுக்கு, நம்ம கம்மாய் இருக்கே

ஏப்ரல் பொறந்தா போதும், சைக்கிள் ஓட்டுற நம்ம பசங்க முக்காவாசிப் பேரு வண்டிய சுவத்துல சாத்தி வெச்சுட்டு ஜூன்ல பாத்துக்கலாம்னு படுத்துருவாங்க, இல்லன்னா காசு சேத்து கார் மேல சைக்கிளக் கட்டிக்கிட்டு ஊட்டி கொடைக்கானல்னு கிளம்பிருவாங்க. எனக்கு இதுல கொஞ்சங்கூட ஒப்புதல் இல்ல. மதுரையச் சுத்தி எம்டிபி, அதாவது மவுண்டன் பைக், ஓட்டுறதுக்கு வருஷத்துலயே நல்ல சீசன் எதுன்னு கேட்டா யோசிக்காம சித்திரை வைகாசின்னு சொல்லுவேன். கத்திரி வெயில்லயான்னு கேப்பீங்க, ஆமா கத்திரி வெயில்ல தான்.

ஏன்னா நம்ம பக்கம் பாதையத் தொறந்து விடுறதே வெயில் தான். ஐப்பசி கார்த்திகைல மழை நல்லாப் பேஞ்சு கம்மாய் பெருகிருச்சுன்னா தை வரைக்கும் உள்ள கால் வைக்க முடியாது, கரை மேல கோரையும் செடியும் மண்டிக் கெடக்கும், வயக்காட்டுப் பக்கம் போனா நெல்லு நிக்கும், வரப்புல சைக்கிள விட்டா சம்சாரி சும்மா விடுவாரா, விடக்கூடாது தான். மாசி பங்குனில அறுப்பு முடிஞ்சு, தண்ணி வத்தி, புல்லெல்லாம் காஞ்சு, ஆடு மாடு மேஞ்சு தள்ளுனதுக்கு அப்பறம் தான் அடில இருக்குற தரையே கண்ணுக்குத் தெரியும். எங்கெங்கயோ ஒத்தையடிப் பாதை வெளிய வரும். ஒரு கம்மாய்ல இருந்து அடுத்த கம்மாய்க்கு, அங்க இருந்து மலை அடிவாரத்துக்கு, தார் ரோட்டையே தொடாம மைல் கணக்குல போலாம். டிசம்பர்ல இதே எடத்துக்குப் போனா சேறும் தண்ணியும் தான்.

காஞ்ச கம்மாய்க்குள்ள ஓட்டுறது ஒரு தனி வித்தை. களிமண்ணு பாளம் பாளமா வெடிச்சிருக்கும், சில வெடிப்பு ரெண்டு விரல் அகலம், சிலது முன் டயரு உள்ள போயி உக்காந்துக்குற அளவுக்கு இருக்கும், அதுக்கு நேரா போயிட்டா ஹேண்டில திருப்பவே முடியாது. அதனால மாடு நடந்த தடத்தப் புடிச்சுப் போங்க. மாடு தெனமும் ஒரே வழில போயி மிதிச்சு மிதிச்சு அந்தத் தடம் மட்டும் சிமெண்டுத் தரை கணக்கா இறுகிக் கெடக்கும், வளைஞ்சு வளைஞ்சு போகும், எங்க மேடு எங்க பள்ளம்னு மாட்டுக்குத் தெரிஞ்ச அளவுக்கு நமக்குத் தெரியாது. கரை மேல ஏறிட்டா வேற மாதிரி. ஒரு பக்கம் காஞ்ச கம்மாய், இன்னொரு பக்கம் தரிசா கெடக்குற வயலு, நடுவுல ரெண்டடி அகலத்துல பாதை, வரிசையா பனைமரம். மடை வர்ற எடத்துல திடீர்னு பள்ளம் விழும், மிச்சத் தண்ணி வழிஞ்சு போற கலுங்கு வந்தா கண்டிப்பா இறங்கிருங்க. பழைய கலுங்குல வரிசையா கல்லுத்தூண் நட்டிருப்பாங்க, அதுக்கு நடுவுல பலகையும் மண்ணும் வெச்சு அடைச்சுத் தண்ணிய இன்னும் கொஞ்சம் தேக்குறதுக்கு. அந்த இடுக்குல இப்ப வர்ற அகலமான ஹேண்டில்பார் போகவே போகாது, வண்டிய ஒருக்களிச்சுத் தூக்கித்தான் கொண்டு போகணும். யாரு எப்ப நட்ட கல்லோ, இன்னும் அசையாம நிக்குது, தூக்கிட்டுப் போறப்ப ஒரு நிமிஷம் தொட்டுப் பாருங்க.

கம்மாய் பழகிட்டீங்கன்னா அப்பறம் நாகமலைப் பக்கம் வாங்க. தேனி ரோட்டுல நாகமலை புதுக்கோட்டை தாண்டுனா மலை ஊருக்கு மேற்க நீளமாப் படுத்துக் கெடக்கும், அதோட அடிவாரத்து வண்டிப்பாதை எல்லாம் சரளை. கெட்டித் தரை மேல கோலிக்குண்டு சைஸுல கல்லு சும்மா பரப்பி வெச்ச மாதிரி கெடக்கும், மழைக்காலத்துல ஈரம் அதப் புடிச்சு வெச்சிருக்கும், கோடைல ஒண்ணும் புடிக்காது. வளைவுல முன் பிரேக்கத் தொட்டீங்கன்னா முன் சக்கரம் சறுக்கி முட்டி பேந்துரும். வேகத்த வளைவுக்கு முன்னாடியே கொறச்சிரணும், வளைவுக்குள்ள பிரேக்க விட்டுட்டு வெளிப்பக்கத்துப் பெடல கீழ அமுக்கி உடம்ப நேரா வெச்சு வண்டிய மட்டும் சாய்க்கணும். இதுக்கு நேர் எதிர் பாறை. நம்ம ஊரு பாறை காஞ்சு கெடந்தா டயரு ஒட்டிக்கிட்டு ஏறும், பயமா இருக்குற சரிவு கூட உக்காந்த எடத்துல இருந்தே மெதுவா மிதிச்சா ஏறிரும். பாறைல ஏறுற சொகத்த வெறும் சரளைல மட்டும் ஓட்டுறவங்களுக்கு எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல, ஒரு தடவ ஏறிப் பாத்தா தான் புரியும்.

டயர் காத்தப் பத்தி ஒரு விஷயம், நெறைய பேரு கவனிக்கிறதில்ல. விடியக்காலைல வீட்டுல காத்தழுத்தம் 22 பிஎஸ்ஐ வெச்சுட்டுக் கிளம்புறீங்க, ஒம்பது மணிக்கு வெயில் ஏறி டயருக்குள்ள இருக்குற காத்து ஒரு 20 டிகிரி சூடாகுதுன்னா அதே டயரு 24, 25 பிஎஸ்ஐக்குப் போயிரும். சரளைல இந்த ரெண்டு பிஎஸ்ஐ பெரிய வித்தியாசம், போறப்ப ஒழுங்காப் புடிச்ச வளைவு திரும்பி வர்றப்ப வழுக்கும். நான் அதனால ஆரம்பத்துலயே ஒரு பிஎஸ்ஐ கொறச்சு வெச்சுத்தான் கிளம்புவேன்.

அப்பறம் முள்ளு. சீமைக்கருவை இல்லாத எடம் நம்ம மாவட்டத்துல ஏது. வெறகுக்கு வெட்டுனவங்க கெளைய இழுத்துட்டுப் போன வழியெல்லாம் முள்ளு சிந்திக் கெடக்கும், காஞ்ச முள்ளு ஆணி தான். சாதா டியூப் போட்டுக்கிட்டு வந்தா பஞ்சர் ஒட்டுறதுலயே காலை முடிஞ்சிரும். ட்யூப்லெஸ் போட்டு உள்ள சீலன்ட் ஊத்திக்குங்க, முள்ளு ஏறுனா புடுங்கிட்டு ஓட்டைய தரைப்பக்கமாத் திருப்பி வெச்சா பால் மாதிரி பொங்கி வந்து அடைச்சிரும், கொஞ்ச தூரம் உருட்டிட்டு ஏறி ஓட்டலாம். ஆனா நம்ம வெயிலுக்கு சீலன்ட் சீக்கிரமே காஞ்சு உள்ள ரப்பர்த் தோலா ஒட்டிக்கும், வண்டிய ஆட்டிப் பாத்து உள்ள சளசளன்னு சத்தம் வரலைன்னா ஊத்துற நேரம் வந்துருச்சுன்னு அர்த்தம். கோடை ஆரம்பத்துல ஒரு தடவ, நடுவுல ஒரு தடவ பாத்துக்குங்க.

வெயிலப் பத்தி வெளையாட்டாப் பேச மாட்டேன். மே மாசம் 4ஆம் தேதி வாக்குல அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சா 28 வரைக்கும், மதுரை பகல் 40 டிகிரியத் தொடுறது சாதாரணம். அதனால நேரம் தான் எல்லாமே. அஞ்சு மணிக்கு சக்கரம் உருளணும், அஞ்சரைக்கு வெளுத்துரும், ஆறுக்கு முன்னாடியே சூரியன் வந்துருவாரு, ஒம்பதுக்குள்ள நெழல்ல இருக்கணும். உடம்பு வெயிலுக்குப் பழக ரெண்டு வாரம் ஆகும், அது வரைக்கும் கொஞ்ச தூரம், மெதுவா. பழகிட்டா வேர்வை சீக்கிரமே வர ஆரம்பிக்கும், வேர்வைல போற உப்பு கொறையும், அது உடம்பு செய்யுற ஏற்பாடு, அவசரப்படுத்த முடியாது. ஏசி ரூம்ல அஞ்சு நாளு இருந்துட்டு ஞாயித்துக்கெழம மட்டும் நேரா மலைக்கு வர்றவங்களுக்குத் தான் நான் ரொம்ப பயப்படுவேன். தண்ணி மட்டும் பத்தாது, உப்பு வேணும், எனக்கு நீராகாரமும் உப்புப் போட்ட எலுமிச்சந் தண்ணியும் தான் ஒத்துக்குது, கடைல விக்கிற பவுடர் எதுவும் இதுக்கு மேல இல்ல. தலை வலிச்சு, வெயில்ல நிக்கிறப்பவே மயிர்க்கூச்செறிஞ்சு குளிருற மாதிரி இருந்துச்சுன்னா அதோட நிறுத்திருங்க, நெழல்ல படுத்து உடம்பு பூரா தண்ணி ஊத்துங்க. கூட வந்தவன் பேச்சு குழறுனா, சம்பந்தமில்லாமப் பேசுனா தண்ணிய ஊத்திக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க, ஒரு நிமிஷம் கூட யோசிக்காதீங்க.

கோடைல மட்டும் பாக்குற ஆளுங்கன்னா கிடை போடுறவங்க. ராமநாதபுரம் பக்கத்துல இருந்து ஆட்டு மந்தைய ஓட்டிக்கிட்டு நடந்தே வருவாங்க, அறுத்த வயல்ல ராத்திரி ஆட்ட அடைச்சு வெச்சா அந்தப் புழுக்கையும் மூத்திரமும் நெலத்துக்கு ஒரம், அதுக்கு நெலத்துக்காரரு கூலி குடுப்பாரு. போன மே மாசம் ஒரு மந்தைக்குத் தலைவரான கீதாரி அய்யா, எழுவது வயசு இருக்கும், தூரத்துலயே கையக் காட்டி நிறுத்துனாரு. "அங்கனயே எறங்கிருப்பு, நாய் அவுந்து கெடக்கு, உருட்டிக்கிட்டு வா"ன்னாரு. எறங்கி சைக்கிள எனக்கும் நாய்க்கும் நடுவுல வெச்சுக்கிட்டு மெதுவா நடந்தேன், நாய் ரெண்டும் ஒரு கொரைப்போட அடங்கிருச்சு. கிட்ட போனதும் டயரக் குனிஞ்சு தடவிப் பாத்தாரு. "நேத்து ஒரு தடம் பாத்தேன், பைக்குத் தடமும் இல்ல, சைக்கிள் தடமும் இல்ல, என்னடா இதுன்னு கொழம்பிக்கிட்டே இருந்தேன், இதுதானா அது"ன்னாரு. "நேத்து வந்தது நான் இல்லய்யா, வேற யாராவது இருக்கும்"னேன். "இல்லப்பு, இந்தத் தடந்தான், முன் சக்கரம் புதுசு, பின் சக்கரம் தேஞ்சது"ன்னு சொன்னாரு. என் வண்டில முன் டயரு புதுசு, பின் டயரு தேஞ்சு போனது தான், முந்தின நாள் சாயங்காலம் என் தம்பி அத எடுத்துட்டுப் போயிருந்தான், அது வீட்டுக்குப் போயி கேட்டப்பறம் தான் எனக்கே தெரிஞ்சது. அவருகிட்ட ஒரு சொம்பு கம்பங்கூழ் குடிச்சுட்டு, மலைய ஒட்டி எந்த வழி ஓடைக்குள்ள இறங்கும், எந்த வழி முள்ளுக்குள்ள போயி முட்டும்னு கேட்டுக்கிட்டேன், அவரு சொன்ன வழி எந்த மேப்புலயும் கெடையாது.

மலைன்னு சொன்னேன், மலை மேல சைக்கிள் ஏத்துறதப் பத்தி இல்ல. கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனா அய்யனார் கோயில் முன்னாடி ஆலமரத்தடில வண்டியப் பூட்டிட்டு நடந்து ஏறுங்க. செட்டிப்புடவுலயும் பேச்சிப்பள்ளத்துலயும் தீர்த்தங்கரர் சிற்பம், பக்கத்துலயே 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்து, ஆயிரம் வருஷமா வெயில்லயும் மழைலயும் இருந்துட்டு வருது, அந்தப் பாறைல நம்ம டயர் படக்கூடாது. காட்டு இலாகா எல்லைக்குள்ளயும் அனுமதி வாங்காம நுழையாதீங்க. அடிவாரமே ஒரு காலைக்குத் தாராளமாப் போதும்.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியும் இதே கணக்கு தான். ஏழு குன்று, நடுநடுவுல சுனை, கம்மாய், தமிழி கல்வெட்டு, பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில், மேல ராசாளியும் வல்லூறும் வட்டம் போடும். 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்ச ஊரு. 2024 நவம்பர்ல இந்த ஊரும் சேந்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போயிருச்சுன்னு சேதி வந்தப்ப எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல. சுத்துப்பட்டு ஜனங்க கிராம சபைல தீர்மானம் போட்டு, மேலூர்ப் பக்கத்துல இருந்து மதுரைக்கு நடந்தே வந்து, 2025 ஜனவரில மத்திய அரசு அந்த ஏலத்த ரத்து பண்ற வரைக்கும் விடல. அந்தக் கம்மாய்க்கரைல இன்னைக்கும் நான் ஓட்ட முடியுதுன்னா அவங்க நடந்ததுனால தான். அங்க போறவங்க ஊருக்குள்ள ஒரு டீயாவது குடிங்க, யாருகிட்டயாவது ரெண்டு வார்த்தை பேசுங்க, வேகமா வந்து வீடியோ எடுத்துட்டு ஓடாதீங்க. அந்தப் பக்கம் கோடைல தண்ணி கொறஞ்ச கம்மாய்ல மீன்பிடித் திருவிழா நடக்கும், ஊத்தாவும் கச்சாவும் தூக்கிக்கிட்டு ஊரே கம்மாய்க்குள்ள இறங்கும், அன்னைக்கு சைக்கிளக் கரைல போட்டுட்டு நீங்களும் இறங்கிருங்க.

மவுண்டன் பைக்குன்னா ஏதோ பனி மலைல பணக்காரங்க ஓட்டுறதுன்னு ஒரு நெனப்பு இருக்குல்ல, அது பொறந்த கதையப் பாத்தா அப்பிடி இல்ல. 1970கள்ல கலிஃபோர்னியால மாரின் கவுண்டிப் பசங்க வீட்டுக்குப் பின்னால இருந்த காஞ்ச மலைல தான் ஆரம்பிச்சாங்க, அதுவும் 30, 40 வருஷத்துப் பழைய பலூன் டயர் சைக்கிளத் தேடிப் புடிச்சு. ஃபேர்ஃபேக்ஸ் பக்கத்துல ரீபேக்னு ஒரு செங்குத்தான புழுதி ரோடு, 1976 அக்டோபர்ல அங்க முதல் ரேஸ் வெச்சாங்க, பின் சக்கர ஹப்புக்குள்ள இருக்குற பிரேக்கு சூடேறி கிரீஸெல்லாம் புகையாப் போயிருமாம். மவுண்டன் பைக்க உருவாக்குன முன்னோடிங்க ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் எல்லாம் அங்க உருவான ஆளுங்க. சரியா 20 வருஷத்துல, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ்ல இது ஒரு போட்டி. அவங்களுக்கு அந்த மலைன்னா நமக்கு நாகமலை, அவ்வளவு தான். முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்குற பத்து வருஷம் பழைய ஹார்ட்டெயில் சைக்கிள் இருந்தாலும் போதும், பிரேக்கும் டயரும் நல்லா இருக்கணும்.

வர்ற ஞாயித்துக்கெழம காலைல 4.45க்கு நாகமலை புதுக்கோட்டை பஸ் ஸ்டாப்ல நிப்பேன். புதுசா வர்றவங்களுக்காக இந்த வாரம் கம்மாய் வழி மட்டும் தான், பாறை கெடையாது. தண்ணி ரெண்டு லிட்டர், உப்பு, ஒரு ஸ்பேர் டியூப், பம்ப், முழுக்கை சட்டை கொண்டு வாங்க. ஹெல்மெட் இல்லாம வந்தா கூட்டிட்டுப் போக மாட்டேன். 8.30க்கு பனைமரத்தடில நுங்கு வெட்டுற அண்ணன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், எத்தனை பேருன்னு சனிக்கெழம சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க.