ரொறன்ரோவிலிருந்து மூசனிக்கு

பெப்ரவரி 10
மகள் போன ஆவணியில், மூசனி ஊருக்கு எதிரே ஆற்றிலுள்ள மூஸ் ஃபாக்டரித் தீவுக்குத் தாதி வேலைக்குப் போனவள். இப்போதுதான் எனக்கு லீவு கிடைத்தது. நேர்கோட்டில் அளந்தால் ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ 850 கிலோமீட்டர். அகலக்கோட்டில் கிட்டத்தட்ட இங்கிலாந்தின் லண்டனுக்கு நேரே, அதே ஒன்ராறியோ மாகாணம். ஆனாலும் அங்கே போய்ச் சேர ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் வீதி கிடையாது. “ரிமின்ஸில் மாறி பிளேனில வாங்கோ அப்பா” என்கிறாள். எனக்கோ தரைவழியே போய்ப் பார்க்க ஆசை.

பெப்ரவரி 11
பகல் முழுக்க பஸ். முன்பு, மூசனி ரயில் புறப்படும் கொக்ரன் வரை ரொறன்ரோவிலிருந்தும் ரயில் ஓடியது. 2012 இல் நிறுத்திவிட்டார்கள். நோர்த் பே தாண்டினால் 11ஆம் நெடுஞ்சாலையில் மரமும் லொறியும்தான். கேர்க்லண்ட் லேக் பக்கம் ஓர் அறிவிப்புப் பலகை: இதற்கு அப்பால் ஓடும் ஆறுகள் எல்லாம் வடக்கே ஆர்க்டிக் கடலுக்குப் போகின்றனவாம். இரவு கொக்ரனில் தங்கல்.

பெப்ரவரி 12
காலை ஒன்பது மணி ரயில். 299 கிலோமீட்டருக்கு ஐந்து மணிநேரம். சதுப்பு நிலத்தில் போட்ட பாதை. 1932 இல் மூசனியைத் தொட்டது. இன்றும் ஆண்டு முழுக்க இருக்கிற தரைவழித் தொடர்பென்றால் இதுதான். கார்களைக்கூட இந்த ரயிலில் ஏற்றி அனுப்புகிறார்கள். பொதிப் பெட்டியைப் பார்த்தேன்: டயப்பர் மூட்டைகள், ஒரு ஸ்னோமொபைல், பெயர் எழுதி டேப் சுற்றிய சாப்பாட்டுப் பெட்டிகள். ஊர்க் கடை விலை கட்டாது, அதனால் வந்தவர்கள் எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டு போகிறார்கள்.

பக்கத்து இருக்கையில் கிறீ என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு மூதாட்டி. ரிமின்ஸில் கண் காட்டிவிட்டுத் திரும்புகிறார். பத்து நிமிடப் பரிசோதனைக்குப் போய்வர நான்கு நாள் ஆனதாம். கோபப்படாமல் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

பெப்ரவரி 13
மூசனியிலிருந்து தீவுக்கு உறைந்த ஆற்றின் மேலே டாக்சியில் போனோம். கோடையில் படகு. பனி இறுகும்போதும் உடையும்போதும் இரண்டும் ஓடாது, ஹெலிகொப்டர் மட்டும். அந்த வாரங்களில் மூசனியில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், எதிர்க்கரையில் தெரிகிற மருத்துவமனைக்குப் பறந்துதான் வரவேண்டும். மூசனியிலேயே புது மருத்துவமனை கட்டும் திட்டம் நடக்கிறது. எவ்வளவு காலம் கழித்து!

பெப்ரவரி 15
மகளோடு வேலை செய்யும் பெண் சாப்பிட வந்தாள். சொந்த ஊர் கரையோரத்தில் இன்னும் வடக்கே, அட்டவாபிஸ்கட். அங்கே கர்ப்பிணிகள் பிரசவத்துக்குச் சில வாரம் முன்னரே வீட்டை விட்டுக் கிளம்பி இங்கேயோ, ரிமின்ஸுக்கோ, கிங்ஸ்ரனுக்கோ வந்துவிட வேண்டும். இவளுடைய அக்கா மூத்த பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு வந்து, தினமும் போனில் அவர்களுக்குத் தாலாட்டுப் பாடினாளாம். ஸ்காபரோவில் என் மனைவிக்கு வலி வந்தபோது மருத்துவமனைக்குப் போகப் பதினைந்து நிமிடம் எடுத்தது. இந்த ஊர்களும் நம்மைப்போல ரொறன்ரோவில் இருக்கும் அதே மாகாண அரசையும் கேட்கவேண்டும். தெற்கே ஒரு மேம்பாலத்துக்குக் காட்டுகிற அவசரத்தை இங்கே ஒரு பிரசவ அறைக்கும் காட்டலாமே.

பெப்ரவரி 16
மகளின் ஒப்பந்தம் சித்திரையோடு முடிகிறது. நீடிக்கட்டுமா என்று கேட்டாள். நீடி என்றேன். தாய்க்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.